சிறைக்குள் சாமியாருக்கு என்ன வேலை?

ஒருவர் கேட்டது:

"சிறையில் இருப்பவனுக்கு வக்கீல் வேண்டும், டாக்டர் வேண்டும், மனநல ஆலோசகரும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பாதிரியார், இமாம், சாமியார் எல்லாம் எதற்கு? கதவு பூட்டியிருக்கிறது, எழுந்து போக முடியாது, அந்த நேரம் பார்த்து மதத்தை ஊட்டுவதற்கா? பல நாடுகளில் அரசு சம்பளம் வேறு. யாராவது நியாயம் சொல்லுங்கள்."

பிப்ரவரி 3

சொல்கிறேன். விசாரணைக் கைதிகள் அதிகம் இருக்கும் ஒரு சிறைக்குச் சில வருடங்களாகத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். எந்த ஊர், எந்தச் சிறை என்று எழுத மாட்டேன். உள்ளே இருப்பவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது, அதனால் ஆட்களின் விவரங்களையும் மாற்றித்தான் எழுதுவேன். எங்கள் குழுவில் ஓர் இமாம், ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி, ஒரு பெந்தெகொஸ்தே போதகர், ஒரு பௌத்தத் துறவி, அப்புறம் நான். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். கைதிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கும் இந்த வேலையைச் செய்பவரைச் சாப்லின் என்பார்கள். எழுத வசதியாக இருப்பதால் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வியில் 'எழுந்து போக முடியாது' என்ற இடம்தான் முக்கியம். வெளியே ஒரு பிரசங்கம் பிடிக்கவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். உள்ளே முடியாது. கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் குறைந்தபட்ச விதிகள் 1955இல் உருவானவை. 2015 டிசம்பரில் திருத்தி, நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர் வைத்தார்கள். அதில் 65ஆவது விதி இரண்டு விஷயம் சொல்கிறது. தன் மதத்தின் தகுதியுள்ள பிரதிநிதியைச் சந்திக்க எந்தக் கைதிக்கும் அனுமதி மறுக்கக் கூடாது. அப்படி ஒருவர் வந்து பார்ப்பதைக் கைதி விரும்பவில்லை என்றால் அதையும் முழுமையாக மதிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி இல்லை என்றால் முதல் பாதியை நானே எதிர்ப்பேன்.

பிப்ரவரி 3, இரவு

விதியைச் சொன்னேன், வேலையைச் சொல்லவில்லை.

உள்ளே வந்த முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. தற்கொலைகள் அந்த நாட்களில்தான் அதிகம் என்று சிறை நிர்வாகங்களுக்கே நன்றாகத் தெரியும். நேற்று வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், இன்று பெல்ட்டும் செருப்புக் கயிறும் பிடுங்கப்பட்டு, யார் என்றே தெரியாத ஒருவனோடு ஒரு செல்லில் உட்கார்ந்திருப்பான். தண்டனை வந்தவனுக்காவது தேதி தெரியும். விசாரணைக் கைதிக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் இங்கிலாந்து, வேல்ஸ் சிறை விதிகளில் புதிதாக வந்தவரைச் சாப்லின் சீக்கிரமே தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும் என்று இருக்கிறது. நோயாளிகள், தனிச் செல்லில் அடைக்கப்பட்டவர்கள் ஆகியோரைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது.

நான் அப்படிப் பார்த்தவர்களில் ஓர் இளைஞன், பதிவேட்டில் 'மதம் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தான். வாசலில் நின்று பெயரைச் சொல்லி, "கோவில் குளம் பேச வரவில்லை தம்பி, எப்படி இருக்கீங்கன்னு கேட்க வந்தேன்" என்றேன். சுவரைப் பார்த்தபடியே இருந்தான். போகட்டும் என்று திரும்பும்போது, "என் நாய் வீட்டுக்குள்ள பூட்டிக் கிடக்கு" என்றான். காலையில் கதவைத் தட்டிக் கூட்டிவந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. அவனும் சொல்ல வாய்திறக்கவில்லை. கைதாகும்போது நாயைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள் என்று நினைத்தானாம். வெளியே செய்தி கொண்டுபோக எனக்கு அனுமதி இல்லை. சிறையின் நலன் அலுவலரிடம் அவனையே அழைத்துப் போனேன், பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போனது. கடவுள் பேச்சே வராத சந்திப்பு அது. ஆனால் அதுவும் ஆன்மிகப் பணிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பிப்ரவரி 5

"நாய் விஷயத்தை ஆலோசகரே பார்த்துக்கொள்ளலாமே" என்று எதிர்பார்த்தபடியே ஒருவர் கேட்டுவிட்டார்.

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். மனநல ஆலோசகர்கள் போதவே போதாது, அவர்களுடைய இடத்தை எங்களை வைத்து நிரப்பக் கூடாது. ஆனால் உள்ளே இருப்பவன் பக்கமிருந்து பாருங்கள். போலீஸுக்கு வாக்குமூலம் வேண்டும். வக்கீலுக்கு வழக்குக்கு உதவும் பகுதி மட்டும் போதும். டாக்டர், அவன் சொல்வதை எல்லாம் குறித்துக்கொள்வார். ஆலோசகர் எழுதும் அறிக்கை கோப்பில் ஏறி, நாளை ஜாமீனையோ முன்விடுதலையையோ தொடலாம். இது அவனுக்குத் தெரியும், அதனால் எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று கணக்குப் போட்டே பேசுவான். அவனைப் பற்றி எதுவும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு ஆள் வாரத்தில் அரைமணி நேரம் கிடைப்பது பெரிய விஷயம். எனக்குத் தெரிந்தவரை இந்தப் பணியின் பலம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சிலர் கேட்கும் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் கிடையாது. "நான் செத்தால் நான் கொன்றவனைப் பார்ப்பேனா?" என்று ஒருவர் கேட்டார். அதை நோய் அறிகுறியாகக் குறித்துக்கொள்ளக் கூடாது. அவர் அதை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

பிப்ரவரி 6

நேற்று எழுதியதில் ஒரு வரம்பைச் சேர்க்க வேண்டும். 'எதுவும் எழுத வேண்டியதில்லை' என்றால் எல்லாமே ரகசியம் என்று பொருள் இல்லை. தன்னைக் கொன்றுகொள்ளப் போகிறேன், இன்னொருவனைக் குத்தப் போகிறேன், தப்பிக்கத் திட்டம் இருக்கிறது, குழந்தை ஒன்றுக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால், நான் போய்ச் சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன். கேட்டதும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு அதிர்ச்சி கொடுப்பதைவிட அது மேல்.

கத்தோலிக்கக் குருமாருக்கு இது இன்னும் கடினம். ஒருவர் குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எதற்காகவும் வெளியே சொல்லக் கூடாது. 1813இல் நியூயார்க்கில் கோல்மன் என்ற இயேசு சபைக் குரு, பாவசங்கீர்த்தனம் வழியாகத் தன்னிடம் வந்த திருட்டுப் பொருளை உரியவரிடம் ஒப்படைத்தார். யார் கொடுத்தது என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள், சொல்ல மறுத்தார். நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. எங்கள் குழுவின் கன்னியாஸ்திரி குருவானவர் இல்லை, அதனால் அந்தப் பாதுகாப்பும் அந்தப் பாரமும் அவருக்கு இல்லை. யாராவது பாவசங்கீர்த்தனம் கேட்டால் வெளியிலிருந்து குருவை வரவழைப்பார்.

பிப்ரவரி 9

மதமாற்றம் பற்றி. நேரடியாகவே பேசுவோம்.

நடக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். ஒரு தன்னார்வலர், எந்தக் குழு என்று சொல்லவில்லை, கைதிகள் உடற்பயிற்சிக்கு வெளியே போன நேரத்தில் ஒவ்வொரு படுக்கையிலும் துண்டுப் பிரசுரம் வைத்துவிட்டுப் போனார். இமாம் உட்பட எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்தோம், அவருடைய அனுமதி ரத்தானது. பிரசுரத்தில் என்ன இருந்தது என்பதைவிட, ஒருவன் இல்லாத நேரத்தில் அவன் படுக்கையைத் தொட்டதுதான் எனக்குக் கோபம். உள்ளே அவனுக்குச் சொந்தம் என்று இருப்பது அந்த ஆறடிதான்.

இதைவிடப் பெரிய அளவில் நடந்த கதையும் உண்டு. பிலடெல்பியாவில் 1829இல் திறந்த கிழக்கு மாநிலச் சிறையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடைத்தார்கள். மேலே ஒரு சின்ன வெளிச்சத் திறப்பு, கையில் ஒரு பைபிள். செல்லுக்கு வெளியே அழைத்துப்போனால் முகத்தை மூடிவிடுவார்கள். தனிமையில் இருந்தால் மனம் தானாகத் திருந்தும் என்ற நம்பிக்கை. வடிவமைத்தவர்கள் கொடியவர்கள் இல்லை, பக்தியுள்ளவர்கள். 1842இல் அங்கே போய்ப் பார்த்த சார்ல்ஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடியது என்று எழுதினார். அந்தத் தனிமை முறையை அங்கே அதிகாரபூர்வமாகக் கைவிட 1913 ஆயிற்று. கேள்வி கேட்டவருக்கு வரும் பயம் வீண் பயம் இல்லை என்று நான் ஒத்துக்கொள்வது இதனால்தான்.

பிப்ரவரி 9, மறுபடியும்

திகாரில் 1994 ஏப்ரலில் கிரண் பேடி அதிகாரியாக இருந்தபோது, விபாசனா ஆசிரியர் கோயங்காவின் வழிகாட்டலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் விபாசனா தியான முகாமில் பேசாமல் உட்கார்ந்தார்கள். பிலடெல்பியாவிலும் மௌனம், திகாரிலும் மௌனம். என்ன வித்தியாசம் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். திகாரில் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருந்தார், எந்த நாளில் மறுபடி பேசலாம் என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, அவர்கள் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள். சிறையில் 'விரும்பிச் சேர்ந்தேன்' என்பதற்கு முழுப் பொருள் உண்டா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதிகாரி ஆர்வமாக இருக்கும் ஒரு விஷயத்தை வேண்டாம் என்று சொல்லக் கைதிக்குத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் பெயர் கேட்பதும் கேட்காமல் அடைப்பதும் ஒன்றில்லை.

பிப்ரவரி 11

எல்லோருக்கும் ஒரே அறையா என்று கேட்டிருந்தார் ஒரு அம்மா. ஆமாம், ஒரே அறைதான். வெள்ளிக்கிழமை காலை நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு விரிப்பு போடுவோம். சிலுவைக்கு அடியில் சக்கரம் இருக்கிறது, உருட்டித் திரைக்குப் பின்னால் விட்டுவிடலாம். தொழுகை முடிந்ததும் விரிப்பைச் சுருட்டுவது பெரும்பாலும் அடுத்துத் தியானத்துக்கு வந்தவர்கள். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதையும் கொளுத்த முடியாது, பேட்டரி விளக்குதான். செபமாலை, தஸ்பீஹ், ருத்ராட்சம் எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை: இழுத்தால் கயிறு அறுந்துவிட வேண்டும். கழுத்தை இறுக்கும் அளவுக்கு உறுதியாக இருக்கக் கூடாது.

புத்தகங்களைச் சோதிப்பதில் முன்பு சண்டை வரும். கையுறை போட்ட காவலர் குர்ஆனையோ கீதையையோ தலைகீழாகப் பிடித்து உதறுவார், கைதி கொதித்துப்போவான். இமாம் ஒரு வழி சொன்னார்: புத்தகம் கைதியின் கையிலேயே இருக்கட்டும், காவலர் பார்த்துக்கொண்டிருக்க அவனே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டட்டும். மேலிடம் ஒப்புக்கொண்டது. அதே சோதனை, இரண்டு நிமிடம் கூடுதல், சண்டை நின்றது. ஒரு வயதான காவலர் இப்போது வாங்குவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்கிறார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வேலையில் கனமானது இதுதான்: வீட்டில் யாராவது இறந்தால் கைதியிடம் போய்ச் சொல்வது.

தகவல் வந்ததும் நேராக ஓடக் கூடாது. முதலில் உறுதிசெய்ய வேண்டும். பகையில் பொய்யாகப் போன் செய்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்கோ, இறுதிச் சடங்கை நடத்துபவர்களுக்கோ நாமே திருப்பி அழைத்துக் கேட்க வேண்டும். பிறகு அவனைச் செல் வாசலில் வைத்துச் சொல்லாமல் எங்கள் அறைக்குக் கூட்டிவர வேண்டும். வரும் வழியிலேயே அவனுக்குப் பாதி தெரிந்துவிடும், வேளைகெட்ட வேளையில் சாப்லின் கூப்பிட்டால் என்ன பொருள் என்று சிறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்கக் கூடாது. உட்காரவைத்து, "உங்க அம்மா இன்னிக்குக் காலையில இறந்துட்டாங்க" என்று நேராகச் சொல்ல வேண்டும். 'போய்ச் சேர்ந்துவிட்டார்', 'நம்மைவிட்டுப் பிரிந்தார்' எல்லாம் வேண்டாம். அந்த நிமிடம் சுற்றிப் பேசினால் காதில் ஏறாது.

ஒருவர் கேட்டதும் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழ், மறுபடி மேலிருந்து கீழ். நான் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "நான் போகலைன்னா யார் செய்வாங்க?" என்றார். போக அனுமதி கிடைக்குமா என்று எனக்கே தெரியாத நேரத்தில், 'கிடைக்கும்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. அவரே வீட்டுக்குப் பேசப் போன் ஏற்பாடு செய்தேன். இரவுக் காவலருக்கும், அவரோடு செல்லில் இருந்தவருக்கும் தகவல் சொல்லிவிட்டு வந்தேன். அனுமதி கிடைக்கவில்லை. எரியூட்டும் நேரத்தில் நாங்கள் இருவரும் பேட்டரி விளக்கை ஏற்றி வைத்துத் திருவாசகம் படித்தோம். அவருக்கு வரிகள் தெரியாது, பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 15

தனிமடலில் கேட்டவருக்கு: ஆமாம், காவலர்களும் வருவார்கள். ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு. செல்லில் தூக்கில் தொங்கியவனை இறக்கியவர் வீட்டுக்குப் போய் என்ன பேசுவார்?

பிப்ரவரி 21

"ஜாமீன் மனுவுக்கு முந்தின வாரம் எல்லோருக்கும் பக்தி வந்துவிடுகிறதே, நடிப்பில்லையா?"

சிலருக்கு நடிப்புதான். பிஸ்கட்டுக்காக வருபவர், பக்கத்து பிளாக் நண்பனைப் பார்க்க வருபவர், செல்லைவிட்டு ஒரு மணி நேரம் வெளியே வந்தால் போதும் என்று வருபவர், எல்லோரும் உண்டு. நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. கோவிலுக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் பிரசாதத்துக்காக வருகிறார்கள் என்று யாராவது வடிகட்டுகிறோமா? சந்தேகம் வராமல் இருக்க எங்கள் குழு ஒரு முடிவு எடுத்தது: நடத்தைச் சான்று, சிபாரிசுக் கடிதம் எதுவும் நாங்கள் எழுதமாட்டோம். அது தெரிந்ததும் சிலர் வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு இவர்கள் திருந்துவார்களா என்று கேட்டே இந்தப் பணியை எடைபோடுவது எனக்குப் பிடிக்கவில்லை. திருந்தினால் சந்தோஷம். ஆனால் சிறை மருத்துவரிடம், உன் நோயாளி மறுபடி திருடினானா என்று கேட்டா மருந்துக்கு அனுமதி கொடுக்கிறோம்?

மார்ச் 1

'பன்மதம்' என்று சொல்வது எளிது, சின்ன மதத்துக்காரன் நிலை வேறு. டெக்சாஸில் பிரெட் குரூஸ் என்ற பௌத்தக் கைதி, சிறைத் தேவாலயத்தைப் பயன்படுத்த விடவில்லை, பௌத்த நூல்களை மற்றவர்களுக்குக் கொடுத்ததற்குத் தனிச் செல்லில் இரண்டு வாரம் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து அடைத்தார்கள் என்று வழக்குப் போட்டார். அவருடைய மதத்தைப் பின்பற்றவும் மற்ற மதத்தாருக்கு இணையான நியாயமான வாய்ப்பு வேண்டும் என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனில் பௌத்தர்களுக்காக 1985இல் தொடங்கிய சிறைப் பணி அமைப்புக்கு அங்குலிமாலா என்று பெயர். விரல்களை மாலையாகக் கோத்த கொலைகாரன் துறவியான கதை நமக்கும் தெரிந்ததுதானே.

சட்டம் இருந்தும் சறுக்கல் நடக்கும். 2019 பிப்ரவரியில் அலபாமாவில் டொமினிக் ரே என்ற முஸ்லிம் கைதி மரணதண்டனை அறையில் தன் இமாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். சிறையின் கிறிஸ்தவ சாப்லினுக்கு மட்டுமே அங்கே அனுமதி. மனு தாமதம் என்று சொல்லி, தண்டனைக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது, இமாம் இல்லாமலே தண்டனை நிறைவேறியது. அடுத்த மாதமே டெக்சாஸில் பேட்ரிக் மர்பி என்ற பௌத்தருக்கு அதே நீதிமன்றம் தடை கொடுத்தது. உடனே டெக்சாஸ் என்ன செய்தது? எந்த மதத்துச் சாப்லினும் அறைக்குள் வரக் கூடாது என்று விதி போட்டது. எல்லோரிடமும் பறித்துவிட்டால் சமத்துவம் வந்துவிட்டதாம். பிறகு அதைத் தளர்த்தினார்கள். 2022இல் ஜான் ராமிரெஸ் வழக்கில், போதகர் அவரைத் தொட்டபடி வாய்விட்டுச் செபிக்கலாம் என்ற கோரிக்கைக்கு 8-1 என்று ஆதரவாகத் தீர்ப்பு வந்தது.

இதே பறிக்கும் புத்தி சின்ன விஷயங்களிலும் வரும். ஒரு மதத்தார் நோன்புக்கு நேரம் மாற்றிச் சாப்பாடு கேட்டால், 'எல்லாரும் கேட்பாங்க' என்று ஒரே பதில். கேட்கட்டுமே. கேட்பவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டால் ஏற்பாடு செய்யலாம்.

மார்ச் 2

சம்பளம் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சம்பளம் வேண்டும் என்பதுதான் என் கட்சி, நான் வாங்காவிட்டாலும். தன்னார்வலர்களை மட்டும் நம்பினால் ஆளும் பணமும் உள்ள பெரிய மதங்கள்தான் உள்ளே வரும். கனடாவில் பூர்வகுடிகளின் ஆன்மிகத்துக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் மற்ற மதங்களுக்கு இணையான நிலை உண்டு என்று 1992 சட்டத்திலேயே இருக்கிறது. அதே நாட்டில் 2012இல் பகுதிநேர சாப்லின்களின் ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தபோது, முழுநேரத்தில் எஞ்சியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கிறிஸ்தவர்கள். நெதர்லாந்தில் மதம் சாராத மனிதநேய ஆலோசகர்களும் சிறைகளில் இதே வேலை செய்கிறார்கள். நாயைப் பற்றிப் பேசிய அந்தத் தம்பிக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால், வாசலில் நின்று 'நான் கோவில் ஆள் இல்லை' என்று விளக்க வேண்டியிருக்காது.

மார்ச் 9

தம்பி உள்ளே இருக்கிறார், எங்கள் மதத்திலிருந்து யாருமே வந்து பார்க்கவில்லை என்று எழுதிய அக்காவுக்கு:

முதலில் பதிவேட்டில் அவருடைய மதம் என்னவென்று ஏறியிருக்கிறது என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் எதையாவது சொல்லியிருப்பார்கள், அல்லது எழுதுபவரே ஊகித்துப் போட்டிருப்பார். திருத்தச் சொல்லி மனு கொடுக்கலாம். சந்திப்புக்கான கோரிக்கையை அவரே எழுத்தில் கொடுப்பது நல்லது, தேதி போட்டு, ஒரு நகல் கையில் வைத்துக்கொண்டு. மண்டேலா விதி 65, 66 என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். 66இல் வழிபாட்டுக்குப் போவதும் மதநூல்களை வைத்துக்கொள்வதும் வருகிறது. இந்த விதிகளைக் காட்டி நேராக வழக்குப் போட முடியாது, ஆனால் அதிகாரி மேசையில் எடை இருக்கும். உங்கள் நாட்டுச் சிறைச் சட்டத்தில் பெரும்பாலும் இதற்கு ஒத்த பிரிவு இருக்கும், வக்கீலிடம் கேளுங்கள். உங்கள் வழிபாட்டிடத்திலும் பேசி, சிறைக்குப் போக ஒருவர் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். ஆள் தயார் என்றால் மறுப்பது அவர்களுக்குக் கடினம். அதற்குள் அங்கே வேறு மதத்துச் சாப்லின் இருந்தால் அவரையே பார்க்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். எங்கள் இமாம் என்னிடம் அனுப்பியவர்கள் நிறைய, நான் அவரிடம் அனுப்பியவர்களும் நிறைய.

இவ்வளவுக்கும் முன்னால், தம்பிக்கே யாராவது வர வேண்டும் என்று இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அக்காவின் கடிதம் போதும். வேண்டும் என்று சொல்லி, மனு கொடுத்தும் பதில் வரவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், அடுத்த மனுவைச் சேர்ந்து எழுதலாம்.